வீடியோவுக்காக ஓட்டிய ரன்

1. மாப்பிள்ளை மாறிய கதை

வெள்ளிக்கிழமை காலை. ரிப்போர்ட் கஸ்டமரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை நஞ்சன்கூட்டில் பூமி பூஜை. அதற்கு முன்னால் ஒரு வீடியோ மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நான் மாடிப்படி ஏறும்போதே ரஷ்மியின் குரல் கேட்டது.

"மேடம், சொல்ப இல்லி பன்னி."

ரஷ்மி எங்கள் ஆபீஸில் ரன் ஓட்டுகிற இன்ஜினியர், மண்டியாக்காரி. என்னிடம் எப்போதும் தப்பும் தவறுமாகத் தமிழில்தான் பேசுவாள். இப்படி, கொஞ்சம் இங்கே வாருங்கள் என்று முழுக்கக் கன்னடத்தில் கூப்பிட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

திரையில் ஒரு தொழிற்சாலையின் வரைபடம் இருந்தது. நடுவில் அம்மோனியா கம்ப்ரசர் ரூம். அங்கிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி, பாய்லர் கட்டடத்துக்கும் கிடங்குக்கும் இடையே உள்ள சந்துக்குள் நுழைந்தது. இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த படம்தான். நாங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அந்த மேகம் சந்துக்குள்ளேயே வெளுத்து மஞ்சளாகிக் காணாமல் போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. ஆரஞ்சாகவே மறுபக்கம் வெளியே வந்து, புள்ளிக்கோட்டில் வரைந்திருந்த ஒரு செவ்வகத்தின் மேல் ஏறி நின்றது. அந்தச் செவ்வகம்தான் அவர்கள் கட்டப்போகிற சாப்பாட்டுக் கூடம். ஆரஞ்சு என்றால் மூச்சு முட்டி, கண் தெரியாமல், ஓடவும் முடியாத அளவு.

"எதையாவது மாத்தினியா?"

"ஒண்ணும் இல்ல மேடம். அதே ஃபைல். வீடியோ ஸ்மூத்தா வேணும்னு கேட்டாங்க அல்லவா? அவுட்புட் மட்டும் ஜாஸ்தி பண்ணேன். அஷ்டே."

அவ்வளவுதானாம். கல்யாணத்தில் போட்டோ கொஞ்சம் அதிகமாக எடுத்தால் மாப்பிள்ளை மாறிவிடுவாரா? ஆனால் மாறியிருந்தார். என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. அந்தக் கால் ஆடினால் ஆபீஸில் யாரும் என் பக்கம் வரமாட்டார்கள்.

2. புங்க மரத்தடி

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் தாங்கள் கணக்குப் போடுகிற இடத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆகவே அந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் மைசூர் அக்ரஹாரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு காலத்தில் வீடாக இருந்த மாடி. அடுப்பங்கரைதான் குளிர்ச்சியான அறை என்பதால் அதில் சர்வரை வைத்திருக்கிறோம். புகை போவதற்கு வைத்த ஓட்டை வழியாக இப்போது சர்வரின் சூடு போகிறது. தண்ணீர், காற்று, புகை, வாயு எல்லாம் எப்படி நகரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். முதலாளி நரசிம்மன் சார். வீட்டில் மண்டயம் ஐயங்கார் தமிழ், வெளியில் கன்னடம், கஸ்டமரிடம் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் மூன்றையும் கலந்த ஏதோ ஒன்று.

கஸ்டமர் நஞ்சன்கூட்டுப் பக்கம் காய்கறியை உறைய வைத்து விற்கிற ஒரு தொழிற்சாலை. குளிரூட்டுவதற்கு அம்மோனியா. பேக்கிங் லைனில் வேலை செய்கிற ஒப்பந்தப் பெண்களுக்கு உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வெயிலுக்குச் சரி, மழைக்கு ஆகாது. அதனால் பேக்கிங் லைனுக்குப் பின்புறமே ஒரு கூடம் கட்டித்தருவதாக நிர்வாகம் ஒத்துக்கொண்டது. கட்டுவதற்கு முன்னால், அம்மோனியா கசிந்தால் அந்த இடத்துக்கு வருமா என்று எங்களிடம் கேட்டார்கள். நல்ல கேள்வி. பல பேர் கேட்பதே இல்லை.

நான் அளவெடுக்கப் போனபோது அந்த மரத்தடியில் ஒரு பெண் என் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"எந்தூருங்க அம்மிணி?"

"மார்டள்ளி."

"அட! நானு ஹனூருங்க. நம்ம பக்கத்துப் பேச்சாட்ட இருக்குதேன்னு பாத்தேன்." இரண்டும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய, அடுத்தடுத்த ஊர்கள். அவள் பெயர் சரசு. என் வயதுதான் இருக்கும். தூக்குவாளியை மூடிவிட்டுக் கேட்டாள், "நீங்கதான் கூடம் கட்டறவிங்களா?"

"கட்டறது நானில்லீங்க. கட்டலாமான்னு பாத்துச் சொல்றது."

"அப்ப சீக்கிரம் பாத்துச் சொல்லீருங்க. போன மழைக்குச் சோத்துல தண்ணி விழுந்து கஞ்சியாக் குடிச்சோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சீக்கிரம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ரஷ்மி ரன் ஓட்டினாள், விடை "வராது" என்று வந்தது, சார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

3. கட்டங்கள் எப்போது உடையும்

இந்த ஒரு பகுதியில் கொஞ்சம் தொழில் பேச்சு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். அதற்கு மெஷ் என்று பெயர். ஒரு கட்டத்துக்குள் வந்த வாயு அந்தக் கட்டம் முழுக்கச் சமமாகக் கலந்துவிட்டதாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கணக்கு. ஒரு டம்ளர் சர்பத்தை அண்டாவில் ஊற்றினால் எப்படி இனிப்பே தெரியாதோ, அப்படிப் பெரிய கட்டத்துக்குள் போன அம்மோனியா வீரியம் இழந்ததுபோலத் தெரியும். உண்மையில் இழந்திருக்காது. எல்லா இடத்திலும் சின்னக் கட்டம் போட்டாலோ ரன் முடிவதற்குள் நமக்கு வயதாகிவிடும். அதனால் ஒரு தந்திரம் உண்டு. மேகம் இருக்கிற இடத்தில் மட்டும் புரோகிராம் தானாகக் கட்டத்தை உடைத்துச் சின்னதாக்கும். மேகம் நகர்ந்ததும் பழைய இடத்தைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டுப் புது இடத்தை உடைக்கும். இப்படி மறுபடி மறுபடி கட்டம் போடுவதைத்தான் ரீகிரிட் என்கிறோம்.

நேரத்தையும் துண்டு துண்டாகத்தான் நகர்த்துவோம். ஒரு துண்டு ஒரு டைம் ஸ்டெப். கட்டம் சின்னதானால் ஸ்டெப்பும் சின்னதாக வேண்டும்.

ரஷ்மியும் நானும் அன்று இன்புட் ஃபைலை வரி வரியாகப் பார்த்தோம். ரீகிரிட் எத்தனை ஸ்டெப்புக்கு ஒரு தடவை என்கிற வரியில் வந்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றோம். அங்கே இருந்தது பெரிய எண். தொட்டியில் தண்ணீர் மெல்ல நிரம்புகிற ஒரு பழைய வேலைக்காகப் போட்ட எண் அது. எங்கள் ஆபீஸில் புது வேலை வந்தால் யாரும் வெறும் ஃபைலில் ஆரம்பிப்பது கிடையாது. ஓடி முடிந்த பழைய ஃபைலைக் காப்பி அடித்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவோம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இப்படித்தான். ஓடிய ஃபைல் ராசியான ஃபைல்.

தண்ணீர் மெல்ல ஏறும். சந்துக்குள் நுழைந்த காற்று அப்படியா போகும்? புரோகிராம் அடுத்த ரீகிரிட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் மேகத்தின் முனை சின்னக் கட்டங்களைத் தாண்டிப் பெரிய கட்டத்துக்குள் ஓடிவிட்டது. பெரிய கட்டம் என்பதால் வெளுத்தது. வெளுத்ததை மேகமாகவே புரோகிராம் மதிக்கவில்லை, அதனால் அதற்கு அப்புறமும் அந்த இடத்தில் கட்டத்தை உடைக்கவில்லை. எங்கள் ரிப்போர்ட்டில் அம்மோனியா "காணாமல் போனது" இப்படித்தான் என்று தோன்றியது.

வீடியோ ரன்னில் மட்டும் மேகம் ஏன் பிழைத்தது? வீடியோவுக்கு ஒவ்வொரு படமும் குறித்த நேரத்துக்குச் சரியாக வேண்டும். அந்த நேரத்தில் போய் நிற்பதற்காக புரோகிராம் தன் ஸ்டெப்பைக் குறுக்கிக்கொள்ளும். படம் அதிகம், ஆகவே ஸ்டெப் அதிகம். ஸ்டெப்பை எண்ணித்தான் ரீகிரிட் என்பதால் அதுவும் அடிக்கடி நடந்தது. மேகத்தின் முனை தப்பிக்கவில்லை.

ஒரு தொழிற்சாலையில் படம் அழகாக ஓட வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை இல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்த இடத்திலேயே பூஜை போட்டிருப்பார்கள்.

4. "ஜெர்க் ஆனா ஆகட்டும்"

நரசிம்மன் சார் படத்தை இரண்டு தடவை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீடியோ வீடியோதானேம்மா. ரிப்போர்ட் பேறே, வீடியோ பேறே. பழைய அவுட்புட் இன்டர்வல்லயே ஓட்டிக் குடுத்துடு. கொஞ்சம் ஜெர்க் ஆனா ஆகட்டும். கேட்டா ஃபைல் சைஸ் பெரிசாறதுன்னு சொல்லிக்கலாம்."

"சார், பழைய இன்டர்வல்ல ஓட்டினா மேகம் சந்துலயே காணாமப் போகும்."

"அதத்தானே ரிப்போர்ட்லயும் சொல்லியிருக்கோம். மேட்ச் ஆயிடும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "மேட்ச் ஆகும் சார். சரியா இருக்குமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவரிடம் தொல்லை. மெதுவாகக் கேட்டார், "ரெண்டு ரன். ரெண்டு ஆன்சர். வீடியோ ரன்தான் சரின்னு உனக்கு யார் சொன்னா? நீ பயப்படறே, அதனால பயமா இருக்கற ஆன்சர் சரின்னு தோண்றது. எனக்கு இந்த வேலை முடியணும், அதனால எனக்கு இது சரின்னு தோண்றது. ரெண்டும் எவிடென்ஸ் இல்லேம்மா."

நியாயமான கேள்வி என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது. அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். கடைசியில், மூன்றாவதாக ஒரு ரன் ஓட்டுகிறேன் என்றேன். தானாக உடைவதும் சேர்வதும் கிடையாது. கம்ப்ரசர் ரூமிலிருந்து கூடம் வரைக்கும் முழு வழியிலும் சின்னக் கட்டம் மட்டும். மேகம் எங்கே ஓடினாலும் ஒளிவதற்கு இடம் இருக்காது.

"சர்வர் முழுக்க வேணுமே. பம்ப் கம்பெனி ரன் ஓடிண்டிருக்கு."

"நிறுத்தணும் சார்."

சார் கூரையைப் பார்த்தார். "சரி. பம்ப்காராளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா திங்கட்கிழமை காலைக்குள்ள ஆன்சர் வரணும். உன் ரன் ரிப்போர்ட் பக்கம் சொல்லித்துன்னா, வீடியோ பழையபடி போகும். அதுக்கப்புறம் இதைப் பத்தி சும்னே பேசக் கூடாது. வரலேன்னா பூஜை நடக்கும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒப்புத்தா?"

ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

5. சனியும் ஞாயிறும்

ஓடுகிற ரன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அளவுக்குப் பொறுமை எனக்குக் கிடையாது. பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. ரஷ்மி புளியோகரை கொண்டுவந்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், திரையில் டைம் ஸ்டெப் சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. முடிகிற நேரம் என்று அது காட்டுவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்குப் போய், பிறகு அடுத்த மாதத்துக்குப் போனது.

எழுந்துவிட்டேன். கையை அலம்பவில்லை என்பதே நினைவில்லை.

காரணம் பாய்லர் கட்டடத்தின் மூலை. அந்தச் சுவர் ஒரு கட்டத்தைக் குறுக்கே வெட்டியதில், மிச்சம் நகக்கீற்று மாதிரி ஒரு துண்டு நின்றிருந்தது. அந்தத் துண்டுக்குள் கணக்குப் போடுவதற்காக முழு ரன்னும் நத்தை நடை நடந்தது.

"மேடம், மினிமம் டைம் ஸ்டெப் போட்டுரலாமா? அதுக்குக் கீழ போகாது. ஓடிடும்."

ஓடிடும் என்பது உண்மைதான். இந்தத் தொழிலில் முக்கால்வாசித் தப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

"வேண்டாம் ரஷ்மி. அந்த மூலையைத் திரும்பித்தான் மேகம் சந்துக்குள்ள போகுது. அங்க நாம கையை வெச்சா, சார் திங்கட்கிழமை கேப்பார். நானே கேப்பேன்."

"மத்தே?" என்றாள். வேறே என்ன செய்வது என்று கேட்கிறாள்.

மெஷ் முழுவதையும் ஒரு சாண் தள்ளிவைத்தோம். சுவர் கட்டத்தின் கோட்டிலேயே வந்து உட்கார்ந்தது. நகக்கீற்று போய்விட்டது. ஆனால் மெஷ் மாறிவிட்டதால் ரன்னை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவரை ஓடியது அத்தனையும் வீண். முடிகிற நேரம் திங்கட்கிழமை காலை என்று காட்டியது. பூஜை பத்தரைக்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் மனுஷியாகவே இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. ஆபீஸுக்குப் போனால் அங்கேயும் இருக்க முடியவில்லை. கீழே கடைத்தெருவில் நடந்தேன். வேண்டாத பொருளையெல்லாம் விலை கேட்டேன். வெற்றிலைக்காரி, "ஏன் இன்னைக்கு நாலு தடவை போறீங்க?" என்று கேட்ட பிறகுதான் அந்தத் தெருவை விட்டேன். பயம் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது. கூடத்துக்கு வாயு வரும் என்று விடை வந்தால், அந்தப் பெண்கள் இன்னொரு மழையை மரத்தடியில் கழிக்க வேண்டும். வராது என்று வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் மனசு ஒப்புமா? எந்த விடை வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

6. ரயில்வே கேட்

திங்கட்கிழமை காலை ரன் இன்னும் முடியவில்லை. ரஷ்மியை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டு, சாரும் நானும் காரில் நஞ்சன்கூட்டுக்குக் கிளம்பினோம். பூஜைக்கு அவரை அழைத்திருந்தார்கள். பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார். வழியெல்லாம் நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பார்த்தா சீக்கிரம் வராதும்மா," என்றார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. அப்போது போன் அடித்தது.

"மேடம்," என்றாள் ரஷ்மி. "ஹோக்தா இதெ மேடம். கூடத்துக்கு ஹோக்தா இதெ. வீடியோல பார்த்ததவிட சொல்ப ஜாஸ்தியே இதெ."

போகிறது. கூடத்துக்குப் போகிறது. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சாரும் கேட்டார். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்கும் வரைக்கும் அவர் காரை எடுக்கவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தேன். வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"நீ ஒண்ணும் பேசாதே," என்றார். "நான் சொல்றேன். ரிப்போர்ட்ல இருக்கறது என் கையெழுத்து."

அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போனது. அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

பேக்கிங் லைனுக்குப் பின்னால் பந்தல் போட்டிருந்தார்கள். புரோகிதர் கலசத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பிளான்ட் மேனேஜர் மஞ்சுநாத் சிரித்துக்கொண்டே வந்தார். சார் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மஞ்சுநாத்தின் முகம் சிவந்துவிட்டது. அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன சார் விளையாட்டா? போன வாரம் வராதுன்னீங்க, இன்னைக்கு வரும்கிறீங்க. அடுத்த வாரம் இன்னொண்ணு சொல்வீங்க. நான் எதை நம்பறது?"

சார் என்னைப் பார்த்தார். இப்போது பேசு என்று அர்த்தம்.

மெஷ், ரீகிரிட் எதையும் நான் சொல்லவில்லை. "சார், போன தடவை கம்ப்யூட்டர் வாயுவைப் பாதி வழியில தொலைச்சிடுச்சு. வாயு கரையல, எங்க பார்வையிலிருந்து தப்பிச்சது. இந்தத் தடவை வழி பூரா கண்ணை மூடாம பார்த்திருக்கோம். தப்பிக்க வழியில்ல," என்றேன்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கசிஞ்சதில்லை."

"கசியவே கசியாதுன்னா எங்களைக் கேட்டிருக்கவே வேண்டாமே சார். கசிஞ்சா என்னன்னுதானே கேட்டீங்க."

அவர் பந்தலைப் பார்த்தார். கலசத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். புரோகிதரிடம் போய் ஏதோ சொன்னார். கலசத்தைக் கேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். வாயுவைக் காற்று தள்ளுகிற திசைக்கு எதிரே, அந்தப் புங்க மரத்துக்குப் பக்கத்தில்தான் இனி கூடம். ஆனால் அங்கே வடிகால் கிடையாது, பிளானை மாற்றி மறுபடி அனுமதி வாங்க வேண்டும். மழை முடிந்துதான் கட்ட முடியும் என்று சொல்லிவிட்டார்.

7. சாப்பாட்டு நேரம்

பூஜை என்பதால் பெண்கள் அன்று நல்ல சேலையில் வந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சரிகை தெரிந்தது. கலசம் அந்தப் பக்கம் போவதைப் பார்த்ததும் அவர்களுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. சரசு நேராக என்னிடம் வந்தாள். இந்தத் தடவை ஊர் விசாரணை இல்லை.

"நீங்க சொல்லித்தான் மாத்தறாங்களாமா?"

"ஆமாங்க. இங்க கட்டினா, கேஸ் கசிஞ்சா உங்க மேலதானுங்க வரும்."

"இந்த மழைக்கும் மரத்தடிதானா?"

"ஆமாங்க."

"கட்டினதுக்கப்புறமும் அங்கதான் நடக்கோணுமா?"

"ஆமாங்க."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. "அம்மிணி, சோத்துக்கு அரை மணி நேரம் உடறாங்க. கோட்டு, பூட்ஸு, தொப்பி கழட்டோணும். கையலம்ப வரிசையில நிக்கோணும். அந்தக் கேட்டு வரைக்கும் போயிட்டு வரவே பாதி போயிருது. பக்கத்துல கட்டறாங்கன்னதும் எதுக்குச் சந்தோசப்பட்டோமுன்னு நெனச்சீங்க? மழைக்கு மட்டுமில்லீங்க. உக்காந்து மென்னு திங்கலாமுன்னுதான். அதையெல்லாம் உங்க கம்ப்யூட்டருல போட்டுப் பாத்தீங்களா?"

போடவில்லை. வாயு போகிற வழியை நொடியைப் பிளந்து பிளந்து பார்த்தவள் நான். இந்தப் பெண்கள் சோற்றுக்குப் போகிற வழி என் கணக்கில் எந்தக் கட்டத்திலும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"வாங்க, நடந்து பாப்போம்," என்றேன்.

சரசு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் வந்தாள். பேக்கிங் லைனுக்குள் போய், கோட்டையும் பூட்ஸையும் கழற்றி, வரிசையில் நின்று கையலம்பி, கேட்டுக்கு நடந்து, திரும்பி வந்து மறுபடி மாட்டிக்கொள்வது வரைக்கும் போனில் நேரம் பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. பாதிக்கும் மேலேயே போனது.

திருத்திய ரிப்போர்ட்டில் பரிந்துரைகள் என்ற தலைப்பின் கீழே வழக்கமாக எழுதுவதை எழுதினேன். கூடத்தை இடம் மாற்றுவது, சந்தில் வாயு சென்சார் வைப்பது, எச்சரிக்கை மணி. கடைசியாக ஒன்று சேர்த்தேன்: கூடம் தூரமாகப் போவதால் சாப்பாட்டு இடைவேளையைப் பதினைந்து நிமிடம் நீட்டுவது, மழைக்காலத்துக்கு மரத்தடியில் தகரக் கொட்டகை போடுவது.

சார் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, இது சிமுலேஷன் ரிப்போர்ட்டா, யூனியன் மனுவா?"

"நேரம் சம்பந்தப்பட்டதுதானே சார்."

"பதினைஞ்சு நிமிஷம் லைன் நின்னா ப்ரொடக்ஷன் எவ்வளவு போகும்னு மஞ்சுநாத் கேப்பார்."

"கூடம் தள்ளிப் போனா சாப்பிட எவ்வளவு நேரம் மிஞ்சும்னு அளந்து பக்கத்துலயே போட்டிருக்கேன் சார். கேக்கட்டும்."

சார் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மஞ்சுநாத் கேட்டார்தான். பேரம் பேசிப் பத்து நிமிடம் ஒத்துக்கொண்டார். கொட்டகை போட மாட்டேன் என்றார், போடவும் இல்லை. அந்த மழையில் பெண்கள் நனைந்தார்கள்.

கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால், முதலாவது எங்கள் ஆபீஸுக்கானது. இப்போது எங்களிடம் உள்ள எந்த இன்புட் ஃபைலிலும் ரீகிரிட் எண் கிடையாது. அந்த இடம் காலியாக இருக்கும். யோசித்து நிரப்பினால்தான் ரன் கிளம்பும். அவுட்புட் இடைவெளியை மாற்றி இன்னொரு தடவை ஓட்டி, விடை அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் ரிப்போர்ட் எழுதுவோம். ரஷ்மிதான் இதில் கண்டிப்பு. நான் அவசரப்பட்டால்கூட விடமாட்டாள்.

இரண்டாவது உங்களுக்கானது. புரோகிராம் எங்கே வாயு அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேதான் உற்றுப் பார்க்கும். அதற்கு நாம் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் போய்ப் பார்த்து, அந்த இடத்தில் சின்னக் கட்டம் போட வேண்டும்.

கூடம் எழும்பிவிட்டது. நல்ல வெளிச்சம், மின்விசிறி எல்லாம் உண்டு. போன தடவை போனபோது சரசு என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த புதுப் பெண்ணிடம், "இந்தம்மாதான். ஒரு மழை பூரா நம்மள நனைய உட்டது," என்று அடையாளம் காட்டினாள். நான் மறுத்துப் பேசவில்லை. என் பக்கம் நியாயம் என்று அவளுக்குப் புரிய வேண்டுமானால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அந்த அம்மோனியா ஒரு நாள் கசிய வேண்டும். அது கசியவே வேண்டாம். அவளை நனைய விட்டவளாகவே நான் கடைசிவரை இருந்துவிட்டுப் போகிறேன்.